கோதுமை இல்லாத ஊருக்கு வழி சொன்ன மாப்பிள்ளைக்கு

ஆலத்தூர் நாடு,
கொல்லிமலை.
ஆடி 6, செவ்வாய்க்கிழமை.

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை யுவராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கண்ணாயியைக் கட்டிய ஒரே காரணத்தால் உங்களுக்கு மச்சானாக வாய்த்த குப்புசாமி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான், உங்கள் அக்காள், உங்களுக்கு மருமகளான எங்கள் பெண் பானுமதி, மாடு கன்று அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. மாடு கன்று நலம். அவ்விடம் உங்கள் நலத்தையும், உங்கள் வீட்டுக்காரி அம்சவேணியின் நலத்தையும், உங்கள் வீட்டுச் சமையல்கட்டில் புதிதாகப் பதிக்கிற டைல்ஸின் நலத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். முக்கியமாக டைல்ஸின் நலத்தை.

கையில் செல்போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "மச்சான், ஒரு நிமிசம் மச்சான்" என்று நடுவில் புகுந்து, நாற்பது வார்த்தை பேசி, கடைசியில் தப்பெல்லாம் என் மேல்தான் என்று என்னையே ஒப்புக்கொள்ள வைத்துவிடுவீர்கள். உங்கள் கம்பெனியில் உங்களுக்கு அந்த வேலைக்குத்தான் சம்பளம் என்று நினைக்கிறேன். போதாததற்கு எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் பலாமரத்து மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்று உங்களைத் திட்டினால் நீங்கள் ஒருவர் கேட்பதற்குள் ஊரே கேட்டுவிடும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்தே தீர வேண்டும். படியுங்கள்.

பானுமதிக்கு உடம்புக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தவர் நடந்துகொண்ட மாதிரி நீங்கள் நடந்துகொள்ளாததால் மறுபடி எழுதுகிறேன். மலைக்குக் கீழே ஹாஸ்டலில் தங்கி அவள் பதினொன்றாவது படித்தபோது, காலையில் உப்புமா, ராத்திரியில் சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமையில் சேமியா என்று தின்று, பிள்ளைக்கு வயிறு ஊதிக் கை கால் குச்சியாகிப் போனது. நாங்கள் மந்திரித்தோம், கயிறு கட்டினோம், எட்டுக்கை அம்மனுக்குக் கிடா நேர்ந்துகொண்டோம். கடைசியில் நாமக்கல் டாக்டர்தான் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, கோதுமையில் குளூட்டன் என்று பிசின் மாதிரி ஒன்று இருக்கிறது, இந்தப் பிள்ளையின் குடலுக்கு அது ஆகவே ஆகாது, ஆயுசுக்கும் கோதுமை வாசமே படக் கூடாது என்று சொன்னார். கோதுமையை விட்டாள். ஒரே வருசத்தில் ஆளே தேறிவிட்டாள். மலையில் எங்களுக்கு அது ஒரு கஷ்டமா என்ன. சாமை, ராகி, தினை, அரிசி, கிழங்கு என்று வீடு நிறைய இருக்கிறது. கோதுமையை நாங்கள் கண்ணால் பார்ப்பதே ரேஷன் கடையில்தான், அதையும் வாங்காமல் வந்துவிடுவோம். வெளியில் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. அப்படித் தேறிய பிள்ளைக்குத்தான் உங்கள் ஊர் நர்சிங் காலேஜிலிருந்து நேர்காணலுக்கு வரச்சொல்லித் தபால் வந்தது. எங்கள் ஊரில் இதுவரைக்கும் நர்சிங் படித்த பெண் ஒருத்தி கிடையாது. அந்தத் தபாலை அவள் ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள். அதை உங்களிடம் போனில் சொல்ல, சந்தோஷத்தில் பலாமரத்து மேட்டுக்கு ஓடியே போனேன். அதை நினைத்தால் இப்போது இன்னும் கோபம் வருகிறது.

உங்கள் அக்காள் விவரமானவள். இரண்டு வள்ளம் சாமை அரிசி, ராகி மாவு, கிழங்கு வற்றல், புளி, உப்பு, ஒரு சட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு என்று மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "மச்சான், அந்த மூட்டையைத் தூக்கிட்டு வந்து லாட்ஜுல என் மானத்தை வாங்காதீங்க. இது கோயமுத்தூருங்க. குளூட்டன் இல்லாத சாப்பாடு இங்க தெருவுக்குத் தெரு கெடைக்குது. நீங்க பாட்டுக்குக் கையை வீசிக்கிட்டு வாங்க." நான் மூட்டையை அவிழ்த்து, சாமையைத் திரும்பவும் பானையில் கொட்டினேன். உங்கள் அக்காள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியாதா. உங்கள் வீட்டில் டைல்ஸ் வேலை நடப்பதால் காலேஜுக்குப் பக்கத்தில் லாட்ஜ் எடுத்துக் கொடுத்தீர்கள். நாங்கள் வருகிற அன்றைக்கே நீங்கள் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போனீர்கள். அம்சவேணி தூசி ஆகாது என்று அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். ஆக, கோயமுத்தூரில் எங்களுக்கு இருந்த சொந்தம் முழுவதும் ஒரே நாளில் ஊரைக் காலி செய்துவிட்டது. எங்களுக்கு மிஞ்சியது உன் வாய்ச்சொல் மட்டும்தான். கோபத்தில் 'உன்' என்று எழுதிவிட்டேன். அடித்தால் தாள் கிழிகிறது. அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு முதல்நாள் காலையில் போய் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி இறங்கியதில் பானுமதி வாந்தி எடுத்து வெறும் வயிறாக இருந்தாள். லாட்ஜுக்கு எதிரே ஒரு ஓட்டல். நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, இங்க கோதுமை இருக்குங்களா?"

"சப்பாத்தி பதினோரு மணிக்கு மேலங்க. கோதுமை ரவை உப்புமான்னா இப்பவே இருக்குது."

"கோதுமை வேண்டாமுங்க."

"வேண்டாததை எதுக்குங்க இருக்குதான்னு கேக்கறீங்க?"

அந்த ஆள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபம் அதிகமானது. கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து, "சுகர் யாருக்குங்க, உங்களுக்கா பாப்பாவுக்கா? சுகருக்கு அரிசிதானுங்க ஆகாது, கோதுமை ரொம்ப நல்லது" என்று எனக்குப் புத்தி சொன்னார். சுகர் இல்லை, கோதுமைதான் ஆகாது என்றேன். கோதுமை ஆகாத மனுசன் உண்டா என்று அவர் என்னைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலேயே, "எங்கப்பா கோதுமைக் கஞ்சி குடிச்சுத்தானுங்க எம்பத்தஞ்சு வயசு வரைக்கும் இருந்தாரு" என்றார். நான் அவருடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அது தப்புதான், செத்துப்போனவரைச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குள் பானுமதி மெதுவாக, "சாம்பாருக்குப் பெருங்காயத்தூள் போடுவீங்களாங்க? அந்தத் தூள்ல கோதுமை மாவு கலந்திருப்பாங்க" என்று கேட்டாள். எனக்கே அது அப்போதுதான் தெரியும். சமையல் மாஸ்டர் கரண்டியோடு வெளியே வந்து, முப்பது வருசமாகச் சாம்பார் வைக்கிறேன், இப்படி ஒரு கேள்வி கேட்டு யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை என்றார். பெருங்காயம் போடாத சாம்பார் உண்டா என்று அவர் கேட்க, உண்டு, எங்கள் மலைக்கு வா காட்டுகிறேன் என்று நான் சொல்ல, ஓட்டலில் இருந்த அத்தனை பேரும் இட்லியை வாயில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். சட்னி தாளிப்பிலும் அதே பெருங்காயம். தோசை சுடுகிற கல்லும் ரவா தோசை சுடுகிற கல்லும் ஒன்றே. பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "போதும்ப்பா, எனக்குப் பசியில்லை" என்றாள். இரண்டு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை, நான் கேட்கிறேன், தெருவுக்குத் தெரு கிடைக்கிறது என்று சொன்னது சர்க்கரையா?

மத்தியானம் நடந்ததைக் கேளுங்கள். நடந்து நடந்து போகும்போது, சிறுதானிய உணவகம் என்று பச்சையில் ஒரு போர்டு. உள்ளே சுவர் முழுக்க ஒரு மலைப் படம், அதற்குக் கீழே 'கொல்லிமலைச் சாமை' என்று எழுத்து. நம் வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. படத்தில் இருந்தது எந்த மலை என்று எனக்குத் தெரியவில்லை, அதில் யானை நின்றது, எங்கள் மலையில் யானையே கிடையாது, அதைப் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கதர் ஜிப்பா போட்ட முதலாளி எங்களிடமே வந்து உட்கார்ந்து, சாமை என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார். நம் முன்னோர்கள் சாப்பிட்டது, நாம் மறந்துவிட்டது, மழைத் தண்ணியிலேயே விளையும், பூச்சி அண்டாது என்றார். நான் மறக்கலீங்க, போன போகத்துல ஆறு மூட்டை அடிச்சு வெச்சிருக்கேன் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. விளக்கம் முடியும் வரைக்கும் நான் தலையாட்டினேன், பிள்ளை பசிக்காகப் பொறுத்துக்கொண்டேன். பிறகு சாமை அடை வாங்கலாம் என்றபோது பானுமதி, "அதுல கோதுமை கலக்கறீங்களாங்க" என்று கேட்டாள். "கொஞ்சமாத்தானுங்க. சாமை மட்டும் போட்டா உடைஞ்சுபோகுது, ஒட்டறதுக்கு ஒரு கைப்பிடி கோதுமை மாவு சேர்ப்போம்" என்றார். சாமைப் பொங்கலில் பெருங்காயம். சாமைப் பாயசத்தில் சேமியா. அந்தச் சுவரில் எழுதியிருந்த என் மலையின் பேரைத் தவிர அங்கே கோதுமை கலக்காதது ஒன்றுமில்லை. "சாமைக்கு ஒட்டத் தெரியாதுன்னு எவன் சொன்னான், உங்களுக்குச் சுடத் தெரியாதுன்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தவன் எங்கே போய் முடித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. வெளியே வந்தபோது பானுமதியின் கண் கலங்கியிருந்தது. பசியில் கலங்குகிறது என்று நினைத்தேன். வெறும் மோர் வாங்கிக் கொடுத்தேன், அதையும் பெருங்காயம் இருக்கிறதா என்று நாலு தரம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

உங்களுக்குப் போன் போட்டேன். மீட்டிங் என்று மெசேஜ் வந்தது, அதோடு ஒரு கடையின் விலாசமும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அது நிஜமாகவே குளூட்டன் இல்லாத கடைதான். கேக்குக் கடை. ஆட்டோவில் போய் இறங்கினால் உள்ளே ஏ.சி. போட்டு, நாற்காலியில் உட்காரவே கூச்சமாக இருந்தது. அங்கே இருந்த அம்மா தங்கமானவர். எங்கள் கதையைக் கேட்டுப் பாவப்பட்டு, சமையல்கட்டுக்குள்ளேயே அழைத்துப்போய் மாவைக் காட்டினார். வெள்ளை வெளேரென்ற மாவு. "இது மரவள்ளிக் கிழங்கு மாவுங்க. இதுல குளூட்டன் சுத்தமா கெடையாது. இதுலதான் எல்லாம் பண்றோம்" என்றார். கிழங்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் கேக்கு இல்லை. இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டுமாம், இருந்ததை எல்லாம் ஒரு பிறந்தநாளுக்குக் கொடுத்துவிட்டார்களாம், நாளை மறுநாள் வந்தால் கிடைக்குமாம். நாளை மறுநாள் சாப்பிடுவதற்கு இன்றைக்குப் பசிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. இருந்தாலும் அந்த அம்மாவிடம் நான் சண்டை போடவில்லை, அதை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படியுங்கள். நான் இருபத்திரண்டு வருசமாகக் கிழங்கு போடுகிறேன். பிடுங்கி, லாரியில் ஏற்றி, கீழே மில்லுக்கு அனுப்புகிறேன். இங்கேயிருந்து மண்ணும் வேருமாகப் போகிற கிழங்கு, அங்கே வெள்ளை மாவாகி, மூட்டையாகி வெளியே வருகிறது. அதை என் இரண்டு கண்ணால் பார்த்திருக்கிறேன். பரோட்டாக் கடையில் இருக்கிற மூட்டையிலும் அதே வெள்ளை மாவு. நான் மட்டுமல்ல, எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் மைதா என்பது நம் கிழங்குதான் என்று சொல்வார்கள். கீழே லாரி ஏற்றுகிற ராசுவைக் கேளுங்கள், சத்தியம் செய்வான். கேக்குக் கடையில் வேறு, கிழங்கு மாவில் குளூட்டன் இல்லை என்று ஒரு படித்த அம்மா வாயாலேயே கேட்டுவிட்டேன். சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பும்போது தெருமுனையில் பரோட்டாக் கல்லில் இரும்புக் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. போய் நின்றேன்.

"இது என்ன மாவுங்க?"

"மைதாங்க."

"கோதுமை கலப்பு இல்லையே?"

"கோதுமையா? நம்ம கடையில கோதுமைக்கே எடமில்லீங்க. சுத்தமான மைதா."

"கிழங்கு மாவுதானே?"

"அப்பிடித்தானுங்க சொல்றாங்க."

சால்னாவில் பெருங்காயம் உண்டா என்று கேட்டேன், சிரித்தார். மாப்பிள்ளை, காலையிலிருந்து நான் சிரிக்கவேயில்லை, அவர் சிரித்ததும் நானும் சிரித்துவிட்டேன். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்களிடமெல்லாம் இது எங்கள் மலைக் கிழங்கு, நான் பிடுங்கி அனுப்பினது, சுற்றிச் சுற்றி என் பிள்ளைக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று சொன்னேன். ஒருத்தர் எனக்குக் கை கொடுத்தார். நாலு பரோட்டா சொன்னேன். நானே பிய்த்து, சால்னா ஊற்றி ஊறவைத்து, பானுமதி பக்கம் தட்டைத் தள்ளி, "சாப்புடு கண்ணு, நம்ம காட்டுக் கிழங்குதான்" என்றேன். அவள் பரோட்டாவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள். இரண்டு பரோட்டா. அவள் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. உங்களை அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பத்து நிமிசம் மன்னித்துக்கூட இருந்தேன்.

விடியும்போதே வயிற்று வலி என்று சுருண்டுகொண்டாள். காலேஜுக்குப் போய் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றோம். இவள் நம்பர் பதினேழு. பதினொன்று உள்ளே போகும்போது இரண்டு தரம் வாந்தி. பதினாலு உள்ளே போகும்போது நெற்றியில் வேர்வை கொட்டி, என் தோளில் சாய்ந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். சர்டிபிகேட் எல்லாம் தரையில் பறந்தன. மாப்பிள்ளை, இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வருகிறது. அன்றைக்கு அந்த வராந்தாவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றேன். காலேஜுக்கு எதிரிலேயே ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் நௌஷீன் என்று ஒரு அம்மா, சின்ன வயசு, ஆனால் அதட்டல் பெரிசு. ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, நேற்று என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கோதுமை ஒரு துளி படவிடவில்லை, நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன், பரோட்டாகூட மைதாவில் செய்ததுதான் என்றேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மைதா எதுல இருந்து வருதுன்னு நினைக்கறீங்க?"

"எங்க கிழங்குல இருந்துங்க."

"கோதுமையில இருந்துங்க. கோதுமையோட தவிட்டை எடுத்துட்டு அரைச்சா அதுதான் மைதா."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கால்மணி நேரம் வாதம் செய்தேன். மருந்து கொடுக்கிறவரைக் கேட்டேன், வாட்ச்மேனைக் கேட்டேன், கூட்டிப் பெருக்குகிற அம்மாவைக் கேட்டேன். இரண்டு பேர் கிழங்கு என்றார்கள், ஒருத்தர் கோதுமை என்றார். பெரும்பான்மை என் பக்கம்தான் என்று டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் செல்போனில் படம் காட்டினார். அதோடு எனக்கு வாய் அடைத்துப்போனது. வாய் அடைத்ததும் என்ன செய்வது, உங்கள் மேல் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருசமாக ஒருத்தன் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறான், படித்தவர் நீங்கள், ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா. அந்த மைதா மூட்டையின் மேல் கோதுமைக் கதிர் ஒன்றைப் பெரிசாகப் படம் போட்டுவைத்தால் என்ன கெட்டுப்போகிறது. என் கையாலேயே, மாப்பிள்ளை, நானே பிய்த்து, நானே ஊறவைத்து, சாப்பிடு கண்ணு என்று சொல்லி என் பிள்ளைக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டேன். காலையிலிருந்து ஊரோடு சண்டை போட்டு எதைத் தடுத்தேனோ அதை நானே ஊட்டியிருக்கிறேன். இதற்குக் காரணம் யார்? வாசலில் கட்டி வைத்த சாமை மூட்டையை அவிழ்க்க வைத்த ஆள்தான் காரணம்.

பானுமதி மூன்று மணிக்குக் கண் விழித்தாள். முதலில் கேட்டது, "நம்பர் எத்தனை போகுதுங்கப்பா?" நான் எல்லாம் முடிஞ்சுபோச்சு, ஊருக்குப் போகலாம் என்றேன். அவள் ஊசி போட்ட கையில் ஒட்டின பிளாஸ்திரியோடு எழுந்து, சர்டிபிகேட்டை அடுக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டாள். டாக்டரம்மா அவளோடு போய்ச் சொல்லி, கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள். அரைமணி நேரத்தில் சீட்டு கிடைத்துவிட்டது என்று காகிதத்தோடு வந்து சிரித்தாள். "சிரிக்காதே" என்று கத்திவிட்டேன். அப்படியே ஊருக்குப் பஸ் ஏறினோம்.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். சேரப் போவதில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டபோதே ஒரே நாளில் இந்தக் கதி என்றால், நான் இல்லாமல் நாலு வருசம் ஹாஸ்டலில் அவள் என்ன ஆவாள். கேட்கிறதற்கு ஆள் இல்லாமல், சண்டை போடுவதற்கு ஆள் இல்லாமல், போட்டதைத் தின்றுவிட்டுக் கிடப்பாள். நர்சும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பிள்ளை உயிரோடு என் கண் முன்னால் இருந்தால் போதும். இவள் இனி இந்த மலையை விட்டு இறங்க மாட்டாள். நானும் உங்கள் வாசப்படி மிதிக்க மாட்டேன். உங்கள் டைல்ஸ் மேல் என் கால் படாது. தீபாவளிக்கு நீங்கள் வந்தால் கண்ணாயி சோறு போடுவாள், அது அக்காள் தம்பி பாடு. நான் காட்டுக்குப் போய்விடுவேன்.

கோபத்தில் முறையை மறக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அறப்பளீஸ்வரர் அருளாலும், எட்டுக்கை அம்மனின் எட்டுக் கைகளில் ஏதாவது ஒரு கையின் ஆசியாலும் நீங்களும் அம்சவேணியும் நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உங்களுக்கு எந்த மாவும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று இருக்கும் மச்சான்,
குப்புசாமி.

பி.கு.: உங்கள் வீட்டுக் கதவு எண் எனக்குச் சரியாகத் தெரியாததால் கவரில் விலாசம் எழுதச் சொல்லிக் கடிதத்தைப் பானுமதியிடம் கொடுத்தேன். விலாசம் மட்டும் எழுது, உள்ளே பார்க்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவள் மொத்தத்தையும் படித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, மைதா கோதுமைதான்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றாள்.

தெரிந்துமா சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"காலையில இருந்து எனக்காக எல்லார்கூடயும் சண்டை போட்டுட்டே வந்தீங்க. எல்லாரும் நம்மளையே பார்த்தாங்க. அந்தக் கடையிலதான் நீங்க சிரிச்சீங்க. நம்ம கெழங்குன்னு எல்லாருக்கும் சொன்னீங்க. அதுக்கு மேல நான் எப்பிடிங்கப்பா வேண்டாம்னு சொல்றது?"

அவளே மறுபடி சொன்னாள். "என்னைத் தனியா அனுப்புங்க. நீங்க பக்கத்துல இல்லாட்டி எனக்கு 'வேண்டாம்'னு சொல்ல வரும்."

நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அது ஏற்கெனவே குடித்திருந்தது.

மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழித்தால் வேறு எழுத எனக்குத் தெம்பில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன், நீங்களே எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பானுமதி மட்டும் வருகிறாள். நான் வரவில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று அழைத்துப்போய் ஹாஸ்டலில் விடுங்கள். அங்கே சமையல்காரம்மாவிடம் அவளே பேசிக்கொள்வாளாம், நீங்கள் எதுவும் பேச வேண்டாமாம். வழியில் உங்கள் வீட்டில் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்பாள், அம்சவேணி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் தட்டில் கை வைக்கும்போது யாரும் எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.